டைமிங் குறி எங்கே, அதை நம்பலாமா: 1967 எம்ஜிபி குறித்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வசிக்கிறீர்கள். 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மேட்டில் இழுவை இல்லை, எஞ்சினும் சீக்கிரம் சூடேறுகிறது. இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, பார்த்துவிடலாம் என்று டைமிங் லைட் (தீப்பொறி விழும் ஒவ்வொரு கணமும் மின்னும் விளக்கு) வாங்கி, பானெட்டைத் திறந்து, எஞ்சினின் முன்னால் விசிறி பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் மேல்பக்கம் முழுவதும் தேடியிருக்கிறீர்கள். ஒரு குறியும் அகப்படவில்லை. நண்பர் ஒருவர், குறியெல்லாம் வேண்டாம், காதால் கேட்டே வைத்துவிடலாம் என்கிறார். குறி எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், முன்பு வைத்திருந்தவர் எஞ்சினில் என்னென்ன மாற்றினார் என்று தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. குறியைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. கண்டுபிடித்த குறி மெய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். இரண்டையும் சொல்கிறேன்.

நான் தொழில் பழகியது திருச்சியில், அம்பாசடர் கார்களில். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955இல் வந்த எம்ஜிஏ காரிலும் அதே குடும்பத்தின் 1,489 சி.சி. எஞ்சின்தான் இருந்தது. பிறகு படிப்படியாகச் சிலிண்டரின் விட்டத்தைப் பெருக்கி, 1962இல் எம்ஜிபி வந்தபோது 1,798 சி.சி. ஆக்கினார்கள். விட்டம் 73 மி.மீ.யிலிருந்து 80.26 மி.மீ. ஆனது, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் அதே 88.9 மி.மீ. ஆகவே பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஒரு பழைய கார் பட்டறையில் முதன்முதலாக ஓர் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தபோது, ஊர்க்காரர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்ததுபோல் இருந்தது. பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த பக்கம், பிளக்குகள் சாய்ந்திருந்த விதம், 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) எல்லாமே கைக்குப் பழக்கமானவை. கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கைப்பழக்கத்திலிருந்து வருவது; எண்கள் மட்டும் எம்ஜிபியின் பட்டறைக் கையேட்டில் உள்ளவை.

மேலே தேடியதால்தான் உங்களுக்குக் குறி கிடைக்கவில்லை. உங்கள் காலத்து எம்ஜிபியில் குறிகள் கீழே இருக்கின்றன. கிராங்க் புல்லிக்குப் பின்னால், டைமிங் செயினை மூடியிருக்கும் தகட்டு மூடியின் அடிப்பகுதியில், மூன்று பற்கள்போல் கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புல்லியின் பின்விளிம்பில் ஒரு சிறிய வெட்டு இருக்கும். மூன்று முனைகளில் நீளமானது உச்சி, அதாவது பிஸ்டன் மேலேறி நிற்கும் இடம். பட்டறைகளில் டிடிசி என்பார்கள். மற்ற இரண்டும் உச்சிக்கு முந்தைய 5 டிகிரியும் 10 டிகிரியும். எஞ்சினை முன்பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுழலும். ஆகவே கீழே அந்த வெட்டு உங்கள் வலமிருந்து இடமாக நகரும். முதலில் 10, அடுத்து 5, கடைசியில் நீள முனை. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் எது எந்த முனை என்ற குழப்பம் வராது.

மேலிருந்து எட்டிப் பார்த்தால் ரேடியேட்டரும் விசிறியும் மறைக்கும். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கீழே படுத்துப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். முன் குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்டியரிங் ரேக்குக்கும் மேலாக டார்ச்சை அடித்தால் புல்லியின் அடிப்பகுதி தெரியும். ஐம்பது வருடத்து எண்ணெயும் புழுதியும் சேர்ந்து மெழுகுபோல் அப்பியிருக்கும். பற்கள் இருப்பதே தெரியாது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கி போதும். கம்பித் தூரிகை போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். அந்த முனைகள் மெல்லிய தகடு, எளிதில் வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்திருந்தால் அதுவே நமக்கு ஒரு தகவல். சுத்தம் செய்த பிறகு, நீள முனையில் வெள்ளைப் பெயிண்ட், வெட்டில் வெள்ளைப் பெயிண்ட், 10 டிகிரி முனையில் மட்டும் வேறு நிறம் வையுங்கள். பெயிண்ட் இல்லையென்றால் தட்டச்சுப் பிழை அழிக்கும் வெள்ளை மையே அழகாக ஒட்டும்.

கீழே போய்ப் பார்த்தும் பற்கள் இல்லையென்றால்? அப்போது எஞ்சின் எண்ணைப் பாருங்கள். பிளாக்கின் வலப்பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் அதே பக்கத்தில், ஒரு சிறு தகட்டில் அடித்திருப்பார்கள். உங்கள் காருக்கு அது பெரும்பாலும் 18ஜிபி என்று தொடங்கும். எண்ணுக்கு முன்னால் ஹெச் என்ற எழுத்து இருந்தால் உயர் கம்ப்ரஷன் எஞ்சின், எல் இருந்தால் தாழ்ந்தது. 18வி என்று தொடங்கினால், 1970களின் எஞ்சின் ஒன்று உங்கள் காருக்குள் குடியேறியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிற்கால எஞ்சின்களில் முனைகளை மேல்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பானெட்டைத் திறந்தாலே தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மூடியையும் புதிய புல்லியையும், அல்லது புதிய மூடியையும் பழைய புல்லியையும் சேர்த்துப் பூட்ட முடியும். எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது வெட்டு ஒரு பக்கமும் முனைகள் வேறொரு பக்கமும் இருக்கும். எண்ணெய் கசிகிறது என்று யாராவது மூடியை மாற்றிய கார்களில் இது நடந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைவிடக் கள்ளத்தனமானது. பல பி-சீரிஸ் எஞ்சின்களின் கிராங்க் புல்லி ஒரே துண்டு அல்ல. நடுவில் ஓர் இரும்புக் குடம், வெளியே ஒரு கனமான வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். கிராங்க்கின் அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக இப்படிச் செய்தார்கள். வெட்டு இருப்பது வெளி வளையத்தில். ரப்பர் முதுமையடைந்து பிடிப்பு விட்டால், வளையம் குடத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். விசிறி பெல்ட் அதை எப்போதும் பின்னால் இழுத்துக்கொண்டிருப்பதால் வளையம் பின்தங்கும். குறியும் பின்தங்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எம்ஜிபி எங்களிடம் வந்தது. சூடேறுகிறது என்று முந்தைய பட்டறை ரேடியேட்டரை மாற்றியிருந்தது, தண்ணீர் பம்பை மாற்றியிருந்தது, தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றியிருந்தது. டைமிங் லைட்டை அடித்தால் குறி அச்சாக இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. உரிமையாளர் வயதானவர், மனைவியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டியை எடுப்பவர். விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். நான் பிளக்கைக் கழற்றி உச்சியை அளந்தேன். வளையம் 14 டிகிரி பின்தங்கியிருந்தது. குறி உச்சிக்கு முன் 10 என்று காட்டிய நேரத்தில், பிஸ்டன் உச்சியைத் தாண்டி 4 டிகிரி கீழே இறங்கியிருந்தது. தீப்பொறி அவ்வளவு தாமதமாக விழுந்தால் எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுவதை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் வால்வையும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரையும் சூடாக்கும். புல்லியை மாற்றி டைமிங்கை வைத்ததும் சூடு அன்றே அடங்கியது. இழுவை இல்லை, சூடேறுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வந்தது. உங்கள் காரிலும் அதுவேதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். இழுவைக் குறைவுக்கும் சூட்டுக்கும் வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் குறியைச் சோதிக்காமல் அடுத்த பாகத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

சோதிப்பது எப்படி? பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் எஞ்சின் கையால் இலகுவாகச் சுழலும். அம்பாசடரில் முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றுவோம். எம்ஜிபியில் புல்லியின் நடு நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றலாம். சமதரையில் சக்கரங்கள் ஊன்றி நிற்கும்போது நான்காம் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினாலும் சுழலும். விசிறியின் இறக்கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பெல்ட் வழுக்கும், இறக்கையும் வளையும். ரேடியேட்டருக்கு அருகில் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். அதன் பிளக் துளையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறினால் அது கம்ப்ரஷன் ஏற்றம். இன்னும் தெளிவாக வேண்டுமானால் வால்வு மூடியைக் கழற்றிப் பின்கோடியைப் பாருங்கள். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளில் ஒன்று மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் தராசுத் தட்டுபோல் ஆடினால், ஒன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கிறது. 1-3-4-2 வரிசையில் ஒன்றும் நான்கும் ஜோடி. இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

உச்சியை அறியப் பலரும் பிளக் துளையில் திருப்புளியை விட்டுப் பார்ப்பார்கள். பிஸ்டன் எந்த ஏற்றத்தில் இருக்கிறது என்று அறிய அது உதவும். டைமிங் வைக்க உதவாது. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்த எஞ்சினில் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் பிஸ்டன் உச்சியிலிருந்து 0.86 மி.மீ. மட்டுமே கீழே இருக்கும். 5 டிகிரியில் ஏறத்தாழ 0.2 மி.மீ. ஒரு டிகிரியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சாய்ந்த துளை வழியாகத் திருப்புளியைப் பிடித்திருக்கும் கைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? உச்சியை ஒட்டிப் பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தவிர, சாய்வாக விட்ட திருப்புளி பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே சிக்கினால் பெரிய சேதம்.

ஆகவே உச்சியை நேரடியாகத் தேடாமல், அதன் இருபுறமும் சம தூரத்தில் இரண்டு இடங்களைப் பிடித்து நடுவை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு தடை வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உடலின் நடுவே ஒரு போல்டை மரை போட்டுப் பொருத்தி, போல்டின் முனையை அரத்தால் மழுங்க உருட்டிவிட்டால் தடை தயார். கண்ணாடி அணிந்துகொண்டு பீங்கானை உடையுங்கள். சில்லுகள் கண்ணைப் பதம்பார்க்கும். கடையிலும் விற்கிறார்கள், 14 மி.மீ. மரைக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றாவது பிஸ்டன் நன்றாகக் கீழே இறங்கி இருக்கும்போது தடையைத் துளையில் திருகிவிட்டு, எஞ்சினை மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். பிஸ்டன் தடையைத் தொட்டு நிற்கும். நீள முனைக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்த்திசையில், மறுபடி தொட்டு நிற்கும்வரை சுற்றி இன்னொரு கோடு போடுங்கள். விரல் பலத்துக்கு மேல் போகாதீர்கள். இடையில் எங்காவது தட்டுப்பட்டால் நிறுத்தி, போல்டைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே இருப்பது உண்மையான உச்சி. தொழிற்சாலை வெட்டு அந்த நடுப்புள்ளியில் இருந்தால் உங்கள் புல்லியும் மூடியும் நாணயமானவை. இல்லையென்றால், எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள்.

மில்லிமீட்டரை டிகிரியாக மாற்றுவது எளிது. ஒரு காகித நாடாவைப் புல்லியின் விளிம்பைச் சுற்றி ஒட்டி, சுற்றளவை அளந்து 360ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 450 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு 1.25 மி.மீ.; 10 டிகிரிக்கு 12.5 மி.மீ.; 32 டிகிரிக்கு 40 மி.மீ. உங்கள் புல்லியை நீங்களே அளக்க வேண்டும். நான் சொன்ன 450 கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டது. இந்த அளவுகளைப் புல்லியிலேயே கோடுகளாகப் போட்டுக்கொள்ளலாம். கீழே படுத்துப் பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லையென்றால், டைமிங் மூடியின் மேல்பக்கப் போல்ட் ஒன்றில் கனமான கம்பித் துண்டைப் பிடிக்கச் செய்து, அதன் முனையைப் புல்லி விளிம்பருகே வளைத்து, அதையே புதிய முனையாக வைத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்யலாம். நான் என் வாடிக்கையாளர்கள் பலருக்கு இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

இனி டைமிங். முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு மின்தொடர்பு; அது திறக்கும் கணத்தில்தான் தீப்பொறி விழும். இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண், ஏனென்றால் இடைவெளியை மாற்றினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறிவிடும். உங்கள் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்டின் முகத்தில் மேடும் பள்ளமும் இருந்தால் ஃபீலர் கேஜ் தவறான அளவு காட்டும், புதியது போட்டுவிடுங்கள். இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டார், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே உடலைக் கடிகாரத் திசையில் திருப்பினால் தீப்பொறி முந்தும், எதிர்த்திசையில் திருப்பினால் பிந்தும்.

18ஜிபி உயர் கம்ப்ரஷன் எஞ்சினுக்கு நின்ற நிலையில் உச்சிக்கு முன் 10 டிகிரி. எஞ்சினை முன்னோக்கிச் சுற்றி, 10 டிகிரிக் குறியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் சற்றே பின்னுக்கு வராதீர்கள். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கியே வாருங்கள். செயினிலும் பல்சக்கரங்களிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும். பேட்டரியை இணைத்து, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சிறு கம்பியின் முனையிலும், மற்றதைச் சுத்தமான இரும்பிலும் தொடுங்கள். சாவியைத் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்ப் எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, முதலில் எதிர்த்திசையில் பல்ப் அணையும்வரை திருப்பி, பிறகு கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டு வந்து, பல்ப் எரியும் அந்த இடத்திலேயே நிறுத்தி முடுக்குங்கள். இறுதியாக, மயிரிழை சரிசெய்ய, வாக்குவம் குடுவையருகே (எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்பத் தீப்பொறியை முந்தச் செய்யும் பகுதி) ஒரு சிறு சொரசொரப்பு நட்டு இருக்கிறது. ஏ, ஆர் என்ற எழுத்துகள் முந்துவதையும் பிந்துவதையும் குறிக்கும். ஏறத்தாழ 11 ‘கிளிக்’ ஒரு டிகிரி.

நான் பழகிய நாட்களில் பல்ப்கூட இல்லை. என் மேஸ்திரி சிகரெட் டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்துப் பாயிண்டுகளுக்கு நடுவே செருகுவார். இடது கைவிரல் நுனியில் தாளைப் பூப்போல இழுத்துப் பிடித்தபடி, வலது கையால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே வருவார். பாயிண்ட் திறக்கும் கணத்தில் தாள் தானாகக் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் முடுக்கச் சொல்வார். பல்ப் வாங்கிய பிறகு அவர் வைத்ததை ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ஒரு டிகிரிகூட விலகவில்லை. ஆனால் அவரும் தாளைச் செருகுவதற்கு முன்னால், ஹேண்டிலில் என்னை நிறுத்தி, புல்லிக் குறியைத் தம் கண்ணால் பார்த்த பிறகே தொடங்குவார்.

எஞ்சின் இப்போது ஓடும். டைமிங் லைட்டை மாட்டுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் கார் 1967இல் முன்னதாகச் செய்யப்பட்டதாக இருந்தால், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலில் இணைந்திருக்கும். அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் மாற்றினார்கள். சிவப்பு கிளிப் பாசிட்டிவுக்கு என்பதால், இந்தக் காரில் சிவப்பு கிளிப் இரும்பில் மாட்ட வேண்டியிருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால் லைட் கெட்டுவிடலாம். அதோடு, இந்தக் காரில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். முன்னாலிருந்து கம்பி எட்டாது. பிளக் கம்பியில் கவ்விப் பிடிக்கும் வகை லைட்டாக இருந்தால், ஒரு தனி 12 வோல்ட் பேட்டரியை அருகில் வைத்து அதிலிருந்து மின்சாரம் எடுங்கள். இரண்டு தொல்லையும் தீர்ந்தது. இன்னொன்று, விசிறி. டைமிங் லைட்டின் வெளிச்சத்தில் சுழலும் விசிறி நின்றிருப்பதுபோல் தோன்றும். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், கழுத்தில் துண்டோ மாலையோ வேண்டாம். வண்டி நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்து, கட்டை போட்டு இருக்க வேண்டும்.

வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்வது 600 ஆர்.பி.எம். வேகத்தில் 14 டிகிரி. நின்ற நிலையில் 10 என்று வைத்தோம், ஓடும்போது ஏன் 14 என்று கேட்பீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் வேகம் கூடக்கூட விரிந்து தீப்பொறியை முந்தச் செய்கின்றன; அந்த வேகத்திலேயே அவை வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இதிலிருந்து பலர் செய்யும் தவறும் தெரியும். எஞ்சின் 900இல் நின்று ஓடிக்கொண்டிருக்கும்போது 14க்கு வைத்தால், எடைகள் ஏற்கெனவே இன்னும் அதிகம் விரிந்திருக்கும். கழித்துப் பார்த்தால் நீங்கள் வைத்தது உண்மையில் தாமதமான டைமிங். தவிர, மூடியின் பற்கள் 10 டிகிரியோடு முடிந்துவிடுகின்றன. 14ஐப் பார்க்க நீங்கள் போட்ட கோடுதான் வேண்டும். காகித நாடாவுக்குச் செலவிட்ட கால் மணி நேரம் இங்கே பயன்படும்.

அடுத்து வாக்குவம் கழற்றிய நிலையிலேயே எஞ்சினை 3,000க்கு மேல் ஏற்றி, குறி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். எடைகள் இருபது டிகிரியை ஒட்டிச் சேர்க்கும். மொத்தம் 30 அல்லது 32இல் அசையாமல் நிற்க வேண்டும். குறி 20ஐத் தாண்டவில்லையென்றால் எடைகள் துருவில் சிக்கியிருக்கின்றன. 38, 40 என்று ஓடிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது வேறு டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருக்கிறார்கள். குறி ஓரிடத்தில் நில்லாமல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது.

இதுவரை சொன்னதில் உச்சியை அளக்கும் முறையும், பல்ப் சோதனையும், கையேட்டு எண்களும் உறுதியானவை. இனிமேல் சொல்வது என் அனுபவக் கருத்து. கையேட்டு எண்கள் 1960களின் பெட்ரோலுக்காக எழுதப்பட்டவை. இன்று நீங்கள் போடும் 95 ஆக்டேன் பெட்ரோல் அதே இல்லை. எஞ்சினும் கம்ப்ரஷனும் வால்வுகளைத் திறக்கும் கேமும் மாற்றப்பட்டிருக்கலாம். நான் கையேட்டு எண்ணில் தொடங்குவேன். பிறகு டாப் கியரில், மேட்டில், மெதுவான வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்ப்பேன். ஒரு தகர டப்பாவில் சிறு கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் சத்தம் வந்தால் அது நாக்கிங், அதாவது கலவை சீராக எரியாமல் வெடிப்பது. ஒரு டிகிரி பின்னுக்கு வைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். சத்தம் இல்லையென்றால் விட்டுவிடுவேன். இழுவை கூடுமோ என்று மேலும் மேலும் முன்னுக்குத் தள்ள மாட்டேன். அதிக வேகத்தில் நாக்கிங் காற்றின் இரைச்சலில் காதுக்குக் கேட்காது. பிஸ்டன் மட்டும் ஓசையில்லாமல் உடைந்துகொண்டிருக்கும்.

உங்கள் நண்பர் காதால் வைக்கலாம் என்கிறாரே, அதையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நின்று ஓடும் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, வேகம் கூடும் இடத்தில் நிறுத்துவது அந்த முறை. வழியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க நானும் செய்திருக்கிறேன். ஆனால் நின்று ஓடும் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் அது அளவுக்கு மீறிய முந்தலையும் விரும்பும். அப்படி வைத்த கார் மேட்டில் ஏறும்போது அதற்கான விலையைக் கொடுக்கும். உங்களிடம் டைமிங் லைட் இருக்கிறது, ஒரு மாலைப்பொழுதும் இருக்கிறது. அளந்தே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. உச்சியை அளந்து முடித்ததும், புல்லியின் முன்முகத்தில் நடுக்குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம்வரை, நேராக ஒரே கோடாக மெல்லிய வெள்ளைப் பெயிண்ட் இழுங்கள். காயவிட்டு, நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து டார்ச்சில் பாருங்கள். கோடு நேராகவே இருந்தால் உங்கள் குறியை இனி நம்பலாம். ரப்பர் இருக்கும் இடத்தில் கோடு முறிந்து, வெளித்துண்டு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அந்தப் புல்லியை மாற்றும்வரை காரை எடுக்காதீர்கள். வழுக்கத் தொடங்கிய வளையம் என்றாவது ஒருநாள் ஓட்டத்திலேயே கழன்று ரேடியேட்டரில் போய் விழும். நீங்கள் அளந்த நடுப்புள்ளியிலிருந்து தொழிற்சாலை வெட்டு எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது என்பதையும், எஞ்சின் எண்ணின் முதல் எழுத்துகளையும் இங்கே எழுதுங்கள்; அவற்றைப் பார்த்து அடுத்தது என்னவென்று சொல்கிறேன்.